ஒட்டகப் படம் பார்த்த சனிக்கிழமை

முடிச்சூர்
8 மே 2025

அண்ணா,

உன்னையும் அண்ணியையும் போனில் பிளாக் செய்திருக்கிறேன். அதனால் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ இரண்டாவது வார்த்தையிலேயே "சரி வுடு, சாப்டியா?" என்பாய். நான் அழுதுவிடுவேன். விஷயம் அங்கேயே முடிந்துவிடும். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

நானும் என் குழந்தை ஷைனியும் பத்திரமாக இருக்கிறோம். என்னோடு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற மாளவிகாவின் சித்தி வீட்டில், பின்பக்கம் ஓர் அறையும் சின்ன சமையலறையும் வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. கடைக்கு ஒரே பஸ். உன் வீட்டு மாடியைவிடச் சின்ன இடம்தான். ஆனால் இங்கே யாரும் என்னைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லமாட்டார்கள்.

சனிக்கிழமை என்ன நடந்ததென்று உனக்கே தெரியும். ஆனாலும் நான் பார்த்தபடி ஒருமுறை எழுதிவிடுகிறேன். லீவு முடிவதற்குள் ஷைனிக்கு ஒட்டகப் படம் காட்டலாம் என்றாய். உன் கம்பெனி நண்பர் டேனியலும் அவர் அம்மாவும் அதே படத்துக்கு வருகிறார்கள், சேர்ந்தே உட்காரலாம் என்றாய். அண்ணி என்னுடைய அரக்குப் பட்டை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். "கார்ட்டூன் படத்துக்கு எதுக்கு அண்ணி பட்டு?" என்று கேட்டேன். "மால்ல ஏசி பிச்சிக்கினு போகும். பட்டுன்னா குளுராது" என்றார். நானும் நம்பிக் கட்டிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த அப்பா ஒட்டகம் குடும்பத்தோடு வண்டியில் கிளம்பும்போது தலைகளை எண்ணாமல் திமில்களை எண்ணிவிட்டு, "அல்லாம் கரீட்டா கீதுமே, வண்டிய எடு" என்று சொல்லும் இடத்தில் நான் சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பாப்கார்ன் புரையேறி, பக்கத்திலிருந்த டேனியலின் அம்மாதான் முதுகில் தட்டிவிட்டார். எழில் என்னையும் குழந்தையையும் விட்டுச் செத்த இந்த மூன்று வருஷத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை. படுக்கும்போது, எழில் இருந்திருந்தால் அவனும் இந்த இடத்தில் இப்படித்தான் சிரித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் போட்டோவைப் பார்த்து அழாமல் தூங்கிய முதல் ராத்திரி அதுதான்.

மறுநாள் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் கிறிஸ்டி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள வூட்டுக்கு உன்ன ரொம்பப் புடிச்சிப்போச்சாம். கலகலன்னு சிரிக்குதாம் பொண்ணு" என்றார். எந்த மாப்பிள்ளை என்று கேட்டேன். "படத்துக்கு வந்தாரே, டேனியல்" என்று சொல்லிவிட்டு என் கையை விட்டார்.

பெண் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறாய், அண்ணா. பெண்ணிடம் மட்டும் சொல்லாமல். நான் மூன்று வருஷம் கழித்துச் சிரித்த சிரிப்பை அவர்களுக்கு சாம்பிள் காட்டியிருக்கிறாய். வீட்டுக்கு வந்து கேட்டால், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றாய். அண்ணியோ, "எத்தினி நாளிக்கித்தான் மாடிலயே குந்திகினு இருப்ப?" என்று கேட்டார்.

இனி மாடியில் உட்காரமாட்டேன். சாவியைப் பூச்செடித் தொட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.

ஜீவிதா


பொழிச்சலூர்
14 மே 2025

அன்புள்ள ஜீவிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் நலமாக, என்று எழுதிக்கொண்டிருந்தேன். உன் அண்ணி எட்டிப் பார்த்து, "பொய் எழுதாத" என்றாள். ஆகவே கிருபை இருக்கிறது, நலம் இல்லை என்று வைத்துக்கொள்.

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். தோல் கம்பெனியில் லோடு சீட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்பது நியாயம்தான். சொல்லாமல் கூட்டிப்போனது தப்பு. ஆனால் சொன்னால் நீ வந்திருப்பாயா? போன வருஷம் குன்றத்தூர் வரனைப் பற்றி வாயைத் திறந்தேன். சோற்றுத் தட்டோடு மாடிக்கு ஏறிப் போனவள் இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்பாய். நான் என்னதான் செய்வது? இப்போதெல்லாம் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். மாலில், ஓட்டலில், ஏதோ தற்செயலாகச் சந்தித்த மாதிரி. பிடிக்கவில்லையென்றால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. பஜ்ஜி, கேசரி செலவும் மிச்சம். இதில் சிரிக்க வேண்டிய இடம் கடைசி வாக்கியம். சிரித்திருக்கமாட்டாய் என்று தெரியும்.

டேனியல் தங்கமான மனுஷன். முன்பு எங்கள் கம்பெனியில் இருந்தவர், இப்போது ரயில்வேயில் இருக்கிறார். சம்சாரம் தவறி ஐந்து வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. அன்றைக்கு அவர் உன்னிடம் பேசியதே நாலு வார்த்தை, அதில் இரண்டு 'தேங்க்ஸ்'. குடி, சிகரெட் ஒன்றும் கிடையாது. அவர் அம்மாதான் கொஞ்சம் கறார். அவருக்கும் உன்னைப் பிடித்துவிட்டது. முப்பத்திரண்டு வயதில் நீ தனியாகக் காலம் தள்ளுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்குப் பிறகு உனக்கு யார் இருக்கிறார்கள்?

கோபம் தீரும்வரை நீ அங்கேயே இரு. ஆனால் ஷைனியை ஸ்கூல் திறக்கும்வரை இங்கே கொண்டுவந்து விடு. நீ கடைக்குப் போனால் ஒற்றை அறையில் குழந்தை பாவம் என்ன செய்யும்? இங்கே அவளுடைய சின்ன டம்ளரை உன் அண்ணி அருள்மேரி தினமும் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். யாரும் குடிக்காத டம்ளர். "எதுக்குடி கழுவுற?" என்று கேட்டேன். "தூசி படிஞ்சிடும்ல" என்றாள். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனபோதும் ஷைனிக்குப் பிடிக்கும் என்று கொய்யாப்பழம் வாங்கி வந்தாள். யாரும் தின்னாமல் அழுகிப்போயிற்று.

இன்னொன்று. டேனியலின் அம்மா உனக்குப் போன் செய்தாலும் செய்வார். அப்போது ஷைனி பேச்சை நீயாக எடுக்காதே. அதைப் பக்குவமாகப் பேசி நான் முடித்துக்கொள்கிறேன்.

உன் அண்ணன்,
ஜெபகுமார்


முடிச்சூர்
19 மே 2025

அண்ணா,

ஷைனி பேச்சை ஏன் எடுக்கக் கூடாது என்று நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு குழந்தை இருக்கிறது என்பதை அவர்கள் பக்குவமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறாய் போலிருக்கிறது என்று நானே உனக்காக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார், இவ்வளவு நடந்தும் உன் பக்கம்தான் யோசித்திருக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் ஷைனிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். திடீரென்று திரும்பி, "அம்மா, நான் கரெக்டாதான சொன்னேன்? நீ மட்டும் குட்னு சொல்லவே இல்ல" என்றாள்.

"இன்னாடி சொன்ன?"

"தியேட்டர்ல. அந்தப் பாட்டி உங்கம்மா யாருன்னு கேட்டாங்கல்ல, நான் அத்தையத் தொட்டுக் காமிச்சேன். கேம்ல ஜெயிச்சிட்டேன்னு மாமா பெரிய பாப்கார்ன் வாங்கித் தந்தாரு."

என்ன கேம் என்று மெதுவாகக் கேட்டேன். மாமா சொல்லிக் கொடுத்தாராம். வீட்டுக்குப் போகிறவரை அத்தையை அம்மா என்று கூப்பிட வேண்டும். அம்மாவை அத்தை என்று கூப்பிட வேண்டும். மாற்றிச் சொன்னால் அவுட். "அம்மா கோச்சுக்க மாட்டாளா மாமா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அதற்கு நீ, "உங்கம்மாவும் கேம்ல கீறா. அவகிட்ட மட்டும் இதப்பத்திப் பேசக் கூடாது, பேசினாலும் அவுட்" என்று சொல்லியிருக்கிறாய்.

நானும் விளையாட்டில் இருக்கிறேன் என்று என் குழந்தையிடம் சொல்லியிருக்கிறாய், அண்ணா.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ஷைனியை ஏன் என் பக்கத்தில் உட்காரவிடாமல் அந்தக் கோடியில் உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தீர்கள் என்று. பெட்ரோல் பங்கில் குட்டி ஒட்டகத்தை விட்டுவிட்டு வண்டி கிளம்பிப்போகும் இடத்தில் ஷைனி பயந்து "அம்மா" என்று கத்தினாள். நான் எழுந்தேன். அதற்குள் அண்ணி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நீ உட்கார் என்று எனக்குக் கையைக் காட்டினார். நானும் உட்கார்ந்துவிட்டேன். இடைவேளையில் ஷைனி என்னிடம் வந்து, "அத்தை, எனக்கும் ஐஸ்கிரீம்" என்றாள். ஏதோ குறும்பு செய்கிறாள் என்று நினைத்து, "கேட்டு வாங்கிக்கங்க மேடம், உங்கம்மாகிட்ட" என்றேன். பக்கத்தில் டேனியலின் அம்மா நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நீயும் சிரித்தாய்.

தகப்பன் இல்லாத குழந்தை அது. இருக்கிற ஒருத்தியையும் இல்லை என்று சொல்லச் சொல்லி, அதற்குப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்திருக்கிறாய்.

அவர்களிடம் என்ன சொன்னாய்? சுற்றி வளைக்காதே, பகடி பண்ணாதே, கர்த்தரை இழுக்காதே. நேராக எழுது.

ஜீவிதா


பொழிச்சலூர்
24 மே 2025

ஜீவி,

நேராகவே எழுதுகிறேன்.

உனக்குக் குழந்தை இல்லை என்று சொன்னேன். ஷைனி எங்கள் பெண் என்று சொன்னேன்.

காரணத்தையும் கேட்டுவிட்டுத் திட்டு. குன்றத்தூர் வரன், அதற்கு முன்னால் ஒன்று, உனக்குத் தெரியாமல் பெருங்களத்தூரில் ஒன்று. மூன்று இடத்திலும் போட்டோ பிடித்திருந்தது, வேலை பிடித்திருந்தது, வயது பிடித்திருந்தது. பெண் குழந்தை இருக்கிறது என்றதும் ஜெபம் பண்ணிச் சொல்கிறோம் என்று போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. டேனியலின் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார், "ஒத்தப் பொண்ணா இருந்தா சொல்லுங்க. புள்ளகுட்டியோடன்னா வேணாம்" என்று. அந்த இடத்தில் என் வாய் என்னை முந்திக்கொண்டது. சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. எல்லாம் முடிவான பிறகு உன்னிடம் உட்கார்ந்து பேசிச் சம்மதம் வாங்கலாம் என்றுதான் இருந்தேன்.

அருள்மேரியை நீ தப்பாக நினைக்காதே. அவள் முதலில் பயந்தாள். அன்றைக்கு பாப்கார்ன் கவுன்ட்டரில் இருந்த பெண், ஷைனியைப் பார்த்து, "உங்க பொண்ணா மேடம்? ஜாடை அப்பிடியே இருக்கு" என்றாள். அப்போது டேனியல் வீட்டார் யாரும் வந்து சேரவில்லை. யாருக்காகவும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அருள்மேரி "ஆமா" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவள், ஜீவி. அவள் குரல் அப்படி வந்து நான் கேட்டதில்லை.

ஷைனி எங்கே போய்விடப் போகிறாள்? மாமா வீட்டில்தானே இருப்பாள். நீ நினைத்தபோது வந்து பார்த்துக்கொள்ளலாம். வேளாவேளைக்குச் சாப்பாடு, ஸ்கூல், டியூஷன், ஒன்றிலும் குறை வைக்கமாட்டோம். உனக்கும் ஒரு வாழ்க்கை அமையும்.

எழுதக் கூடாது என்று நினைத்து, எழுதிவிடுகிறேன். உனக்கு வயது இருக்கிறது. உனக்கு இன்னொன்று பிறக்கும். எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

ஜெபகுமார்


முடிச்சூர்
28 மே 2025

உனக்கு,

இன்னொன்று பிறக்குமாம். கீழே விழுந்து உடைந்த தட்டுக்கு வேறு தட்டு வாங்கலாம் என்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். அண்ணி பட்ட பாடு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிக்குக் கூடப்போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நான். ஷைனி பிறந்தபோது முதலில் அண்ணி கையில்தான் கொடுக்கச் சொன்னேன். நர்ஸ்கூட "அம்மா நீங்கதான முதல்ல வாங்கணும்" என்றாள். பரவாயில்லை, அண்ணியிடமே கொடுங்கள் என்றேன். அவர் இவளைத் தூக்கட்டும், குளிப்பாட்டட்டும், ஊட்டட்டும் என்று ஒருநாளும் நான் தடுத்ததில்லை. தடுக்காததுதான் தப்பு போலிருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். ஏனென்றால் அதற்குள் டேனியல் கடைக்கு வந்துவிட்டார்.

கண் டெஸ்ட் பண்ண வேண்டும் என்று வந்தார். பண்ணினேன். பவர் ஒன்றும் பெரிதாக இல்லை. ஃப்ரேம் பார்க்கிற சாக்கில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். மாளவிகா உள்ளே போனதும் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவ விட்டுட்டு வர்றது உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

எந்தப் பாப்பா என்று கேட்டேன். உன் லட்சணத்தை இன்னும் மறைத்துக் காப்பாற்றத்தான் வாய் வந்தது, பார்.

"ஷைனிதான். எங்கம்மாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் உங்க அண்ணன் உண்மையச் சொல்லிட்டாரு. நீங்களே கேட்டுக்கிட்டதா சொன்னாரே."

"நான் இன்னா கேட்டுகினேன்?"

"பாப்பா சிரிச்சா அவங்க அப்பா மாதிரியே இருக்கு, என்னால பாக்க முடியல, நீங்களே எடுத்துக்கங்கன்னு அழுதீங்களாம். அதான், படத்துலகூடப் பாப்பா உங்கள அத்தைன்னு கூப்பிட்டப்ப நீங்க சாதாரணமா சிரிச்சீங்க. எப்பிடித்தான் இவங்களால முடியுதுன்னு நெனச்சேன்."

நான் ஃப்ரேம்களை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன்.

அண்ணா, அந்தப் பாதி நான் சொன்னதுதான். எழில் போன ஆறாம் மாதம், மாடிப்படியில் உட்கார்ந்து உன்னிடம் சொன்னேன். "அவ சிரிச்சா அவன மாதிரியே கீதுண்ணா, பாக்க முடியல" என்று. அப்போது நீ என் தலையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். அம்மாவிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். அதை எடுத்து, அதன் பின்னால் நான் சொல்லாத ஒன்றை ஒட்டி, முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் கொடுத்திருக்கிறாய். போன கடிதத்தில் எல்லாவற்றையும் நேராக எழுதுவதாகச் சொன்னவன், இதை மட்டும் எழுதவில்லை.

பெண் பார்த்ததைக்கூட மன்னித்துவிட்டிருப்பேன். நீ பொய் சொன்னதையும் ஒருநாள் மன்னித்திருப்பேன். இதை என்னால் முடியவில்லை. பெற்றதைத் தூக்கிக் கொடுக்கிற பொம்பளை என்று என்னை அந்த ஆள் ஒரு மாசமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டும் கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லியிருக்கிறார்.

நான் அப்படிச் சொல்லவில்லை, அவள் என் பெண், என்னோடுதான் இருப்பாள் என்று அவரிடம் சொன்னேன். "அப்பிடியா" என்றார். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்லவேள கேட்டேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேங்க" என்று போய்விட்டார். பாப்பாவோடு வாருங்கள் என்று சொல்லவில்லை. தங்கமான மனுஷன்தான்.

ஜீவிதா


பொழிச்சலூர்
3 ஜூன் 2025

என் ஜீவிக்கு,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ எழுதியது எல்லாம் உண்மை. டேனியலிடம் அப்படிச் சொன்னேன். மாடிப்படியில் நீ சொன்னது அப்போது நாக்கில் வந்து நின்றது, சொல்லிவிட்டேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், இது நீ கேட்டால் தாங்கமாட்டாய் என்று. தெரிந்தேதான் சொன்னேன்.

அருள்மேரி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நீ எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சு வரும் இடத்தில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்தவள்தான்.

நேற்று ஸ்கூல் திறந்திருக்கும். ஷைனிக்கு ஷூவும் பையும் வாங்கி மே மாசமே எடுத்து வைத்திருந்தேன். ஷூ சைஸ் பத்துமோ என்னவோ.

எனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அருள்மேரிக்காகக் கேட்கிறேன். வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் வந்து ஷைனியைப் பார்த்துவிட்டுப் போகிறோம். வாசலில் நின்றுகூடப் பார்த்துக்கொள்கிறோம். பழையபடி அத்தை என்றே கூப்பிடட்டும், அது போதும் என்கிறாள். ஷைனி நடந்ததையெல்லாம் மறந்திருப்பாள். குழந்தைகள் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. நீயும் நானும்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எழிலை நீ ரெஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டபோது அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார். சொந்தத்தில் ஒருவரும் வரவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். அதை மட்டும் நினைத்துப் பார்.

அண்ணன்


முடிச்சூர்
10 ஜூன் 2025

அண்ணா,

நினைத்துப் பார்த்தேன். அதை ஒருநாளும் மறந்ததில்லை. அப்பா போட்ட சத்தத்தில் என் கையெழுத்தே கோணலாக வந்தது. நீ என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாய். எழில் சாகும்வரை உன்னை "என் மச்சான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். உன்னைத் தவிர வேறு யார் இதைச் செய்திருந்தாலும் நான்கு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

அண்ணிக்காகக் கேட்டிருக்கிறாய். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட இரக்கம்தான் அதிகமாக இருக்கிறது. சரி, ஒரு அரைமணி நேரம் வந்துவிட்டுப் போகட்டும், இதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நேற்று மத்தியானம்வரை நினைத்திருந்தேன். வரச் சொல்லித்தான் எழுத இருந்தேன்.

நேற்று சாயங்காலம் ஸ்கூலிலிருந்து ஷைனியைக் கூட்டிக்கொண்டு தாம்பரத்தில் பஸ் ஏறினேன். கூட்டம். பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா இடம் கொடுத்து, இவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பெயர் கேட்டார், சொன்னாள். எந்த கிளாஸ் என்று கேட்டார், சொன்னாள். ஒரு முழம் பூவைக் கிள்ளித் தலையில் வைத்துவிட்டு, "இவுங்க யாரு, உங்கம்மாவா?" என்று கேட்டார்.

குழந்தை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார். ஷைனி என் புடவையைப் பிடித்து இழுத்து என்னைக் குனியவைத்து, காதோடு கேட்டாள்.

"அம்மா, இவங்ககிட்ட இன்னான்னு சொல்லணும்?"

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், அண்ணா.

ஜீவிதா